அதிக வாட் வேப்பிங் கருவிக்கு எந்த பேட்டரி? கணக்குப் போட்டு வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் மைத்துனரின் வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. ஒருநாள் வீட்டுச் சாவிக்கொத்து கிடந்த காற்சட்டைப் பையிலேயே உதிரி பேட்டரி ஒன்றையும் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். சாவி அதன் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டது. அவர் காற்சட்டையைக் கழற்றி எறிவதற்குள் தோல் வெந்துவிட்டது. அந்த பேட்டரி பழுதானதும் அல்ல, போலியும் அல்ல. பெயர்பெற்ற நிறுவனத்தின் தரமான பேட்டரி. அதிக மின்னோட்டம் தருவதற்கென்றே செய்யப்பட்டது என்பதால், சாவிக்கும் அதைத் தயங்காமல் தந்தது.

அன்றிலிருந்து, வேப்பிங் (மின்சிகரெட்) கருவிகளில் போடும் இந்த பேட்டரிகளைப் பற்றிக் கேட்பவர் யாராக இருந்தாலும் நான் உட்காரவைத்து முழுவதும் சொல்லித்தான் அனுப்புகிறேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

தொடங்குமுன் சட்டம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மின்சிகரெட் தடைச் சட்டம் வேப்பிங் கருவிகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் அனைத்தையும் தடுக்கிறது. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதும் பயன்படுத்துவதுமே குற்றம். எனவே இது பிரிட்டன் போல அனுமதி உள்ள நாடுகளில், புகைப்பழக்கத்திலிருந்து வேப்பிங்குக்கு மாறிவிட்ட பெரியவர்களுக்கானது. புகைக்காதவர்கள் இதைத் தொடங்க வேண்டியதே இல்லை. பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் விற்பனை தடை செய்யப்பட்டபின், மீண்டும் சார்ஜ் செய்யும் கருவிகளுக்கு மாறியவர்கள் பலர். அவற்றில் சிறியவற்றுக்கு பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். தேர்வு செய்ய எதுவும் இல்லை. 60, 100, 200 வாட் என்று போகும் பெரிய கருவிகளில்தான் பேட்டரியை நாமே வாங்கிப் போடுகிறோம். பிழை நேர்வதும் அங்கேதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த பேட்டரிகளைச் செய்யும் பெரிய நிறுவனங்கள், அவற்றை உதிரியாகப் பொதுமக்கள் கையாள்வதை விரும்புவதில்லை. மின்கருவிகள், சைக்கிள்கள், மடிக்கணினிகள் போன்றவற்றின் பேட்டரித் தொகுப்புக்குள், பாதுகாப்புச் சுற்றோடு சேர்த்துப் பயன்படுத்தவே செய்கிறோம் என்பது அவர்கள் நிலை. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் 2021இல் 18650 என்ற உருளை வகை பேட்டரிகளை உதிரியாக வாங்க வேண்டாம் என்று வெளிப்படையாக எச்சரித்தது. அதையும் மீறித்தான் வேப்பிங் உலகம் இவற்றைப் பயன்படுத்துகிறது. தொகுப்புக்குள் ஒரு மின்சுற்று பார்த்துக்கொள்ளும் வேலையை இங்கே நீங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது.

படி 1: அளவையும் எழுத்தையும் அறிந்துகொள்ளுங்கள்

18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். கடைசிப் பூச்சியம் உருளை வடிவத்தைக் குறிக்கிறது. 21700 என்பது 21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம். 21700 எடுக்கும் கருவிகள் பலவற்றுடன் 18650 போடுவதற்கான குழாய் ஒன்றும் வரும். இரண்டும் பொருந்தும் என்றால் 21700ஐயே தேர்ந்தெடுங்கள். உள்ளே பொருள் அதிகம் என்பதால் ஒரே மின்னோட்டத்தில் சூடு குறைவு.

இரண்டுக்கும் இயல்பான மின்னழுத்தம் 3.6 வோல்ட் அளவில். முழுதாக ஏறினால் 4.2 வோல்ட்.

பெயரின் முன்னால் வரும் எழுத்துகள் வேதியியலைச் சொல்கின்றன. ஐசிஆர் என்பது கோபால்ட், ஐஎம்ஆர் மாங்கனீசு, ஐஎன்ஆர் நிக்கல் கலந்தது. அதிக வாட் கருவிக்கு ஐஎன்ஆர் அல்லது ஐஎம்ஆர் வகைதான். ஐசிஆர் சூட்டை அவ்வளவாகத் தாங்காது, அதைத் தவிர்த்துவிடுங்கள். பாதுகாப்புச் சுற்று ஒட்டிய பேட்டரிகள் என்று ஒரு வகை உண்டு. பெயரைக் கேட்டதும் அதுதானே நல்லது என்று தோன்றும். ஆனால் அந்தச் சிறு பலகை சேர்வதால் நீளம் கூடிக் கருவிக்குள் பொருந்தாமல் போகும்; நமக்குத் தேவையான மின்னோட்டத்தையும் அது பெரும்பாலும் விடாது. அது டார்ச் விளக்குக்கு ஏற்றது.

படி 2: கருவி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கணக்கிடுங்கள்

எல்லாரும் கடைக்குப் போய் எந்த பேட்டரி நல்லது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. என் கருவி ஒவ்வொரு பேட்டரியிடமிருந்தும் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு மிக எளிது.

வாட் அளவை நாமே வைக்கக்கூடிய, உள்ளே மின்னணுப் பலகை உள்ள கருவி உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். வைத்திருக்கும் வாட்டை பேட்டரிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். அதைக் கருவி நின்றுவிடும் குறைந்தபட்ச மின்னழுத்தத்தால் வகுங்கள். கருவியின் கையேட்டில் இல்லையென்றால் 3.2 வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியாக 0.9ஆல் வகுங்கள், பலகையில் ஒரு பங்கு மின்சாரம் சூடாகி வீணாவதற்கு அது ஈடு.

ஒரே பேட்டரி, 80 வாட். 80ஐ 3.2ஆல் வகுத்தால் 25. அதை 0.9ஆல் வகுத்தால் ஏறக்குறைய 28 ஆம்பியர். 20 ஆம்பியர் பேட்டரியைப் போட்டுக்கொண்டு இந்தக் கருவியை அதன் உச்சியில் ஓட்டுபவர்கள் எத்தனையோ பேர். இரண்டு பேட்டரி, 200 வாட் என்றால் ஒன்றுக்கு 100 வாட். ஏறக்குறைய 35 ஆம்பியர். அதே 200 வாட்டை மூன்று பேட்டரி பகிர்ந்தால் ஒன்றுக்கு 23 ஆம்பியர்தான்.

ஏன் குறைந்தபட்ச மின்னழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகிறோம்? கருவி நீங்கள் கேட்ட வாட்டைக் கொடுத்தே தீரும். பேட்டரி காலியாகக் காலியாக மின்னழுத்தம் இறங்கும். அந்தக் குறையை ஈடுகட்டக் கருவி கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். ஆக, பேட்டரி களைத்துப்போன நேரத்தில்தான் அதன்மேல் சுமை உச்சத்தில் இருக்கிறது. காலையில் சூடாகாத கருவி மாலையில் கையைச் சுடுவதற்குக் காரணம் இதுவே.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பலகை உள்ள கருவியில், திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலின் மின்தடைக்கும் பேட்டரியின் சுமைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 0.15 ஓம் காயில் போட்டாலும் 0.5 ஓம் காயில் போட்டாலும், 60 வாட் என்றால் பேட்டரியிடமிருந்து இழுப்பது ஒன்றுதான். திரையில் தெரியும் ஆம்பியர் காயிலுக்குள் பாய்வது. பேட்டரியிலிருந்து வருவது அல்ல. அந்த எண்ணைப் பார்த்து பேட்டரி வாங்காதீர்கள்.

கணக்கைத் திருப்பிப் போட்டு மனத்தில் வைத்துக்கொள்வது இன்னும் வசதி. தொடர்ந்து 15 ஆம்பியர் தரும் பேட்டரி ஒன்று 43 வாட் வரை தாங்கும். 20 ஆம்பியர் என்றால் 57, 25 என்றால் 72, 30 என்றால் 86 வாட். இரண்டு பேட்டரிக் கருவிக்கு இவற்றை இரட்டித்துக்கொள்ளுங்கள்.

பலகையே இல்லாத, பேட்டரியைக் காயிலோடு நேராக இணைக்கும் குழாய்க் கருவியின் கதை வேறு. மெக் மோட் என்பார்கள். அங்கே மின்தடைதான் எல்லாம். 4.2 வோல்ட்டை ஓமால் வகுங்கள்: 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர், 0.15 என்றால் 28, 0.1 என்றால் 42. அந்தக் கடைசி எண்ணை எந்த 18650ஆலும் தொடர்ந்து பாதுகாப்பாகத் தர முடியாது. காயில் எங்காவது கருவியின் உலோக உடலோடு ஒட்டிவிட்டால் நிறுத்துவதற்கு உள்ளே எதுவும் கிடையாது. 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வேப் வெடித்து ஒருவர் உயிரிழந்தார். அது இந்த வகைக் கருவி. ஓம் விதியைக் காகிதம் இல்லாமல் போட்டுப் பார்க்க முடியாதவர் இதைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முடிந்தவருக்கும் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

படி 3: உறையில் அச்சிட்ட எண்களைச் சந்தேகத்தோடு படியுங்கள்

பேட்டரியின்மேல் இரண்டு எண்கள் பெரிதாக இருக்கும். ஒன்று கொள்ளளவு, மில்லி ஆம்பியர் மணியில். மற்றது மின்னோட்டம், ஆம்பியரில். கொள்ளளவு என்பது குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது. மின்னோட்டம், அந்தக் குடத்தின் வாய் எவ்வளவு அகலம் என்பது.

ஒரே அளவு உருளைக்குள் இரண்டையும் ஒன்றாகக் கூட்டுவது கடினம். உள்ளே மெல்லிய உலோகத் தகடுகளில் வேதிப்பொருளைப் பூசிச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். பூச்சைத் தடிமனாக்கினால் அதிகம் சேமிக்கலாம். ஆனால் மின்சாரம் வெளியே வர உள்தடை கூடும். பூச்சை மெல்லியதாக்கித் தகட்டை நீளமாக்கினால் மின்னோட்டம் தாராளமாகப் பாயும், சேமிப்பு குறையும். 3400 அளவு கொள்ளளவுள்ள பானசோனிக் என்சிஆர்18650பி மடிக்கணினிக்கு அருமையானது, வேப்பிங்குக்கு ஆகாது. அதனால் 7 ஆம்பியரைக்கூடத் தொடர்ந்து தர முடியாது. கொள்ளளவு எண்ணைப் பார்த்து மயங்கி அதை வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மின்னோட்ட எண்ணில் ஏமாற்று அதிகம். தொடர் மின்னோட்டம், துடிப்பு மின்னோட்டம் என்று இரண்டு உண்டு. முதலாவது, பேட்டரி முழுதும் தீரும்வரை இடைவிடாமல் தரக்கூடியது. இரண்டாவது, சில நொடிகள் மட்டும். எத்தனை நொடி, நடுவே எவ்வளவு ஓய்வு என்பதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை, அச்சிடுபவர் விருப்பம்தான். நீங்கள் பார்க்க வேண்டியது தொடர் மின்னோட்டத்தை மட்டும். நான் நாலு நொடிதானே இழுக்கிறேன் என்று சிலர் கேட்பார்கள். பொத்தான் பையில் அழுந்திச் சிக்கிக்கொண்டால் அது நாலு நொடியில் நிற்காது.

நல்ல நிறுவனத்தின் எண்ணையும் நிபந்தனையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சோனியின் விடிசி6க்கு 30 ஆம்பியர் என்று பல கடைகள் எழுதுகின்றன. பேட்டரி 80 பாகை செல்சியஸைத் தொட்டதும் மின்சாரத்தை நிறுத்தும் ஏற்பாடு இருந்தால்தான் அந்த 30. அப்படி ஏற்பாடு இல்லாத இடத்தில் 15 ஆம்பியர் என்றே கொள்ள வேண்டும். உங்கள் வேப் கருவி பேட்டரியின் வெப்பத்தை அளப்பதில்லை.

படி 4: உங்கள் கணக்குக்கு எந்த பேட்டரி

ஒரு பேட்டரிக்கு 40 வாட்டுக்குள் ஓட்டுகிறவர், கூடுதல் நேரம் வேண்டுமென்றால் 3000 கொள்ளளவுள்ள சாம்சங் 30கியூ அல்லது சோனி விடிசி6 எடுக்கலாம். இரண்டையும் 15 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 வாட்டை ஒட்டி இருப்பவருக்கு 20 ஆம்பியரும் 2500 கொள்ளளவும் உள்ள சாம்சங் 25ஆர் பல ஆண்டுகளாக நம்பிக்கையான தேர்வு. எல்ஜியின் பழுப்பு நிற எச்ஜி2வும் 20 ஆம்பியர் என்றே குறிக்கப்பட்டது. 70 வாட் வரை போகிறவருக்கு சோனி விடிசி5ஏ, 25 ஆம்பியர். தைவானின் மோலிசெல் பி26ஏ, பி28ஏ இரண்டும் இதே இடத்துக்கு ஏற்றவை. நிறுவனம் 35 என்று குறிப்பிட்டாலும், சுயமாகச் சோதித்துப் பார்ப்பவர்கள் 25 என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நானும் அப்படியே செய்கிறேன்.

70 வாட்டுக்கு மேல் ஒரே பேட்டரியில் போக வேண்டுமென்றால் 18650ஐ மறந்துவிட்டு 21700க்கு வாருங்கள். 4200 கொள்ளளவுள்ள மோலிசெல் பி42ஏயை 30 ஆம்பியர் என்று கொண்டாலும் 86 வாட் வரை அமைதியாக ஓடும். சாம்சங் 40டி 25 ஆம்பியர் என்ற கணக்கில் நல்லது. சோனியின் பேட்டரிப் பிரிவை 2017இல் முராட்டா வாங்கிவிட்டது; அதனால் சோனி மாதிரிகள் முராட்டா என்ற பெயரில் இருந்தால் போலி என்று நினைத்துவிடாதீர்கள்.

எத்தனை நேரம் வரும் என்பதையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். 2500 கொள்ளளவுள்ள பேட்டரியில் ஏறக்குறைய 9 வாட் மணி ஆற்றல் உண்டு. 70 வாட்டில் வீணாவது போக ஏறக்குறைய ஏழு நிமிடத்துக்கு வரும். நாலு நொடி இழுப்பாக நூறை ஒட்டி. நடைமுறையில் இன்னும் குறையும். நாள் முழுதும் வேண்டுமென்றால் வாட்டைக் குறையுங்கள், அல்லது இரண்டு பேட்டரிக் கருவிக்கு மாறுங்கள். கொள்ளளவைக் கூட்டி மின்னோட்டத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 5: போலியை வடிகட்டுங்கள்

உலகில் நல்ல உருளை பேட்டரி செய்யும் தொழிற்சாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்ற பல பெயர்கள், அதே தொழிற்சாலைகளில் வாங்கிய பேட்டரிக்குத் தங்கள் உறையைச் சுற்றி விற்பவை. அவற்றில் நேர்மையானவையும் உண்டு. ஆனால் உள்ளே இருப்பது எது, எந்தத் தரம், அடுத்த முறை வாங்கும்போதும் அதுவேதானா என்பது உங்களுக்குத் தெரியாது. 20 ஆம்பியர் பேட்டரிக்கு 40 என்று உறை போடுவது எளிது. இந்தக் காரணத்தால் தயாரிப்பாளரின் சொந்த உறையில் உள்ளதையே வாங்குங்கள்.

18650இல் 4000க்கு மேல் கொள்ளளவு எழுதியிருந்தால் அது அநேகமாகப் பொய். 9900 என்று எழுதி விற்பதையெல்லாம் பார்த்திருக்கிறேன். அதேபோல, 3000 கொள்ளளவும் 40 ஆம்பியரும் சேர்ந்த 18650 என்றால் கீழே வைத்துவிடுங்கள். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்: அசல் 18650 பெரும்பாலும் 43 முதல் 49 கிராம் இருக்கும். 35 கிராம் காட்டினால் உள்ளே பாதி வெறுமை. எவரும் பொருளை அடுக்கி விற்கக்கூடிய பொதுச் சந்தைத் தளங்களைவிட, பேட்டரிக்கென்றே உள்ள கடையில் இரண்டு பவுண்ட் கூடுதலாகக் கொடுப்பது நல்லது.

படி 6: உறையைத் தினமும் பாருங்கள்

இந்த உருளையின் உலோக உடல் முழுவதுமே எதிர்முனை. அடிப்பக்கம் மட்டும் அல்ல. பக்கங்கள், மேலே நேர்முனையைச் சுற்றியுள்ள விளிம்பு வரை எல்லாமே. நேர்முனைக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய வளையமும் பிளாஸ்டிக் உறையும். உறையில் நகக்கண் அளவு கிழிசல் விழுந்து, அது கருவியின் உலோகத்தைத் தொட்டால் போதும்.

பேட்டரியைப் போடும்போதெல்லாம் விரலால் உருட்டிப் பாருங்கள். கிழிசல் இருந்தால் அன்றே மாற்றுங்கள். புதிய உறைகள் மலிவாகக் கிடைக்கின்றன. முடி உலர்த்தியின் சூட்டில் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். மேல் வளையத்தை மறக்காமல் திரும்ப வையுங்கள். பள்ளம் விழுந்ததையும் கீழே விழுந்து நசுங்கியதையும் உறை மாற்றிக் காப்பாற்ற முயல வேண்டாம்.

உதிரி பேட்டரியை எப்போதும் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். 2009 முதல் 2016 வரை அமெரிக்காவில் நடந்த மின்சிகரெட் தீ, வெடிப்பு நிகழ்வுகளை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் தொகுத்தது. மொத்தம் 195 நிகழ்வுகள், 133 பேருக்குக் காயம். அவற்றில் 61 நிகழ்வுகளில் கருவியோ உதிரி பேட்டரியோ பைக்குள்தான் இருந்தது. பெட்டியின் விலை ஒரு தேநீரின் விலைகூட இல்லை.

படி 7: ஜோடியைப் பிரிக்காதீர்கள்

இரண்டு பேட்டரிக் கருவிக்கு ஒரே மாதிரியை, ஒரே நாளில், ஒரே கடையில் வாங்குங்கள். வாங்கியதும் இரண்டிலும் ஒரே எழுத்தைக் குறியுங்கள்: ‘அ’ ஜோடி, ‘ஆ’ ஜோடி. சேர்த்தே பயன்படுத்தி, சேர்த்தே சார்ஜ் செய்து, சேர்த்தே ஓய்வு கொடுக்க வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் பலவீனமானது முதலில் தீர்ந்துபோகும். மற்றது அதை வரம்புக்குக் கீழே இழுத்துச் செல்லும். சார்ஜ் செய்து திரும்பப் போடும்போது இடம் மாற்றிப் போடுங்கள், தேய்மானம் சமமாகும். நேர்முனை எந்தப் பக்கம் என்று கருவியில் உள்ள குறியைப் பார்க்காமல் மூடாதீர்கள்.

படி 8: சார்ஜ் செய்வது

கருவியின் யுஎஸ்பி துளையைவிடத் தனி சார்ஜர் நல்லது. ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே கவனித்து 4.2 வோல்ட்டில் நிறுத்தும் சார்ஜர் வேண்டும். 18650க்கு 1 ஆம்பியர் வேகம் போதும். 21700க்கு 2 வரை போகலாம். முழுதாக ஏறியதை ஒருமுறை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 4.25ஐத் தாண்டினால் அந்த சார்ஜர் வேண்டாம்.

நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், கண்ணுக்கு எட்டும் இடத்தில், ஓடு அல்லது கல் பரப்பின்மேல் வைத்து ஏற்றுங்கள். படுக்கையிலும் சோபாவிலும் ஒருபோதும் கூடாது. உறைபனிக் குளிரில் காருக்குள் கிடந்த பேட்டரியை அப்படியே சார்ஜரில் போடாதீர்கள். அறை வெப்பத்துக்கு வரட்டும். மறந்துபோய் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்ட பேட்டரியை உயிர்ப்பிக்க முயலாதீர்கள். உள்ளே செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும். மீண்டும் ஏற்றும்போது அந்தச் செம்பு படிந்து உட்புறத்திலேயே ஷார்ட் ஆகலாம். சில வாரங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி அளவில், 3.7 வோல்ட்டை ஒட்டி வைத்துவிடுங்கள்.

படி 9: எப்போது விடைகொடுப்பது

தினமும் அதிக வாட்டில் ஓடும் பேட்டரி 250, 300 முறை ஏறி இறங்கியதும் தளர்ந்துவிடும். இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரும். முன்பு மாலை வரை வந்தது மதியமே தீர்கிறதா? அதே வாட்டில் முன்னைவிடச் சுடுகிறதா? சார்ஜரிலிருந்து எடுத்துவைத்த பேட்டரி ஓர் இரவில் 4.2இலிருந்து 4.1க்குக் கீழே இறங்குகிறதா? இவற்றில் ஒன்று நடந்தாலும் அந்த ஜோடியை நிறுத்திவிடுங்கள்.

பயன்படுத்தும்போதோ சார்ஜரிலோ சீறும் ஒலியும் இனிப்பான கரைப்பான் வாடையும் வந்தால், உள்ளழுத்தம் தாளாமல் மேலே உள்ள துளைகள் வழியே வாயு வெளியேறுகிறது என்று பொருள். கையில் எடுத்து ஆராயாதீர்கள். விலகி நில்லுங்கள், அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள், தீப்பிடித்தால் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

விமானப் பயணத்தில் கருவியும் உதிரி பேட்டரியும் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. ஊருக்கு வருகிறவர்கள் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இந்தியாவுக்குள் அதை எடுத்துவரவே அனுமதி இல்லை, சிங்கப்பூர் வழியாக மாறினால் அங்கும் சிக்கல்.

ஓய்வு பெற்ற பேட்டரியின் இரு முனைகளிலும் ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியின் அழுத்தத்தில் நசுங்கித் தீப்பிடிக்கும். பிரிட்டனில் ஆண்டுக்கு 32 கிலோவுக்கு மேல் பேட்டரி விற்கும் கடைகள் பழைய பேட்டரிகளை இலவசமாகத் திரும்ப வாங்கியாக வேண்டும் என்பது சட்டம். பெரிய அங்காடிகள் பலவற்றில் வாயிலருகே அதற்கென்று ஒரு பெட்டி இருக்கும். ஒட்டிய ஜோடியை அதில் போட்டுவிடுங்கள்.